நாலெட்டு முப்பத்திரண்டு

கனடாவில் வசிக்கும் என் தங்கையின் கணவர் சென்ற சித்திரை மாதத்தில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் கூட்டாகப் பணம் போட்டு, ஒன்ராறியோ ஏரிக்கரையில் பல வருடங்களாகக் கரையேற்றி வைக்கப்பட்டிருந்த, 1973இல் அமெரிக்காவில் கட்டப்பட்ட, 46 அடி நீளமான டீசல் சொகுசுப் படகொன்றை வாங்கியிருந்தார்கள். படத்தில் அந்தப் படகின் இயந்திர அறையும், அதன் ஓரத்தில் ஒரு மரப்பெட்டியும், பெட்டிக்குள் வரிசையாக நான்கு பற்றறிகளும் தெரிந்தன. கூடவே ஒரு குரல் பதிவு: “மச்சான், எல்லாத்திலயும் எட்டு வோல்ற் எண்டு போட்டிருக்கு. எட்டு வோல்ற்றில பற்றறி இருக்கோ? எங்களை ஏமாத்திப் போட்டாங்களோ?”

நான் பரந்தன் சந்திக்கு அருகில் வாகன மின்வேலை செய்யும் சிறிய கடையொன்றை நடத்துகிறேன். ட்ரக்டர், லொறி, பஸ், முச்சக்கர வண்டி என்று என் வாசலுக்கு வருபவை எல்லாம் 12 வோல்ற் அல்லது 24 வோல்ற். 8 வோல்ற் பற்றறியை நான் அதுவரை கையால் தொட்டதில்லை. ஆனாலும் நான்கும் ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேரும்படி தொடராகத்தான் இணைக்கப்பட்டிருந்தன என்பது படத்திலேயே தெரிந்தது. இரு கடைசி முனைகளிலும் மல்ரிமீற்றரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். 32.6 என்றார். நாலெட்டு முப்பத்திரண்டு, யாரும் அவரை ஏமாற்றவில்லை.

அதைக் கேட்டதும் அவருக்கு நிம்மதி வரவில்லை, மாறாக ஒரு திட்டம் வந்தது. இந்த வழக்கொழிந்த 32 வோல்ற்றை முழுவதுமாகக் கழற்றி எறிந்துவிட்டு, காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் 12 வோல்ற்றாக மாற்றிவிடலாம் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவசரப்பட வேண்டாம் என்று நான் எழுதிய நீண்ட பதிலைத்தான் இங்கே சற்று ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

வோல்ற்றளவு என்பது ஈயஅமிலப் பற்றறியைப் பொறுத்தவரை அதற்குள் இருக்கும் கலங்களின், அதாவது ‘செல்’களின், எண்ணிக்கையே தவிர வேறொன்றுமில்லை. ஒரு கலம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எவ்வளவு சிறிதாக இருந்தாலும், ஏறத்தாழ 2 வோல்ற்றைத்தான் தரும். பெரிய கலம் கூடுதல் நேரம் தரும், அவ்வளவுதான். ஆறு கலம் 12, பன்னிரண்டு கலம் 24, பதினாறு கலம் 32. இதை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. என் தகப்பனார் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதற்குள் நேரோட்டத்தை, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னை, செலுத்தி, எரிசோடாவும் குளோரினும் பிரித்தெடுத்த இடம் அது. ஒரு கலத்துக்குத் தேவைப்பட்டது சில வோல்ற் மட்டுமே என்பதையும், அதனால் கலங்களைச் சங்கிலி போலத் தொடராகக் கோத்துத்தான் மின்னைக் கொடுத்தார்கள் என்பதையும் அவர் சாப்பாட்டுக் கோப்பைகளை வரிசையாக வைத்து எனக்கு விளங்கப்படுத்தினார். சங்கிலியில் ஒரு கோப்பை பழுதானால் என்ன நடக்கும் என்பதையும் அன்றைக்கே சொன்னார்; அது இந்தக் கதைக்குப் பின்னால் தேவைப்படும்.

என் வயதையொத்த வன்னிக்காரருக்கு வோல்ற்றளவோடு இன்னொரு பழக்கமும் உண்டு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் ரோச் பற்றறி கூட உள்ளே வராத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் டைனமோவின் மின்னில் பிபிசி தமிழோசை கேட்போம். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற், ஆனால் ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடும் மின். நான்கு உலர்கலங்கள் போடும் றேடியோவுக்கு வேண்டியதும் 6 வோல்ற், ஆனால் நேரோட்டம். ஒன்றை மற்றதாக்க இடையில் நான்கு இருவாயிகளும் (டயோட்) ஒரு கொள்ளளவியும் (கப்பாசிற்றர்) போதும். சிக்கல் சுற்றுபவரின் கையில்தான் இருந்தது: செய்தி சூடுபிடிக்கச் சுற்றும் வேகமும் கூடும், வேகம் கூட வோல்ற்றும் கூடும், ஒருநாள் எங்கள் றேடியோ புகைந்தே போனது. மின்னேற்றும் கருவிக்கு வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காக்கி ஏன் வேண்டும் என்பதை எனக்கு அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, 32 என்ற எண் எங்கிருந்து வந்தது? அது கடலில் பிறந்ததே அல்ல, தோட்டத்தில் பிறந்தது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் சார்ள்ஸ் கெற்றறிங் என்ற பொறியியலாளர் இருந்தார். 1912ஆம் ஆண்டுக் கடிலாக் காரில் வந்த மின்ஸ்டார்ட்டர், நாம் ‘செல்ப்’ என்று சொல்லும் அதே பொருள், அவருடைய ஆக்கம். அவரே 1916இல், மின்கம்பி எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகளுக்காக ‘டெல்கோ லைற்’ என்ற பெயரில் ஒரு சிறு மின்நிலையத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு சிறிய இயந்திரம், அதோடு ஒரு மின்பிறப்பாக்கி, பக்கத்தில் கண்ணாடிச் சாடிகளில் பதினாறு ஈயஅமிலக் கலங்கள். பதினாறு கலம் என்றால் 32 வோல்ற். அந்த எண்ணைச் சுற்றி ஒரு சந்தையே வளர்ந்தது: 32 வோல்ற் மின்குமிழ், தண்ணீர்ப் பம்பி, மின்விசிறி, துணி அழுத்தும் பெட்டி. 1936இல் கிராமிய மின்மயமாக்கல் சட்டம் வந்து பண்ணைகளுக்கு மின்கம்பி போகத் தொடங்கியபின் தோட்டத்தில் அந்தச் சந்தை தேய்ந்தது. ஆனால் படகு கட்டியவர்களுக்கு அது பழகிய எண்ணாகிவிட்டிருந்தது. ஹற்றராஸ், பேட்ராம், கிறிஸ் கிராப்ற் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் எழுபதுகளிலும் பெரிய டீசல் படகுகளுக்கு 32 வோல்ற்றே போட்டன.

ஏன் பதினாறு, ஏன் ஆறு அல்ல என்பதற்கு என் சொந்த விளக்கம் ஒன்று உண்டு. அது விசுவமடுவில் ஒரு மாட்டுக் கொட்டிலில் கிடைத்தது. மீள்குடியேறிய ஒரு குடும்பம் வீட்டுக் கூரையில் சூரியத் தகடும் கீழே ஒரு 12 வோல்ற் பற்றறியும் வைத்திருந்தது. கொட்டில் வீட்டிலிருந்து 30 மீற்றர் தூரம். 1 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்து, 24 உவாற்று மின்குமிழ் ஒன்றைப் போட்டிருந்தார்கள். மின் போக 30, திரும்பி வர 30, ஆக 60 மீற்றர் செம்பு. அதன் தடை 1 ஓமுக்குச் சற்று அதிகம். 2 அம்பியர் ஓடும்போது வழியிலேயே 2 வோல்ற் தொலைந்து, குமிழுக்குப் பத்துத்தான் மிஞ்சியது. அந்த வெளிச்சத்தில் மாட்டின் முகமும் தெரியவில்லை, பால்வாளியும் தெரியவில்லை. இரண்டு பற்றறியைத் தொடராகப் போட்டு 24 ஆக்கி, 24 வோல்ற் குமிழ் மாட்டியபோது, அதே 24 உவாற்றுக்கு 1 அம்பியரே போதும். தொலைவது 24இல் 1. வோல்ற் இருமடங்கானால் அம்பியர் பாதி, வயரில் வெப்பமாக வீணாகும் வலு காற்பங்கு. டேற்றனில் நினைத்துப் பார்த்ததும் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையிலான இந்தத் தூரத்தையாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் கூட்டி 110 வோல்ற் ஆக்கியிருக்கலாம். ஆனால் அதற்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கலங்கள் வேண்டும், தொட்டால் உயிராபத்தும் உண்டு.

46 அடிப் படகும் ஒரு வகையில் வீடும் கொட்டிலும்தான். பற்றறி இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறது. நங்கூரத்தை இழுக்கும் மோட்டாரோ அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருக்கிறது. ட்ரக்டரில் பற்றறிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் ஒரு மீற்றர் தடித்த கேபிள் இருப்பதால் 12 வோல்ற் தாராளமாகப் போதும். படகிலோ, அணியம் பத்து மீற்றர் தள்ளி இருக்கிறது என்று வைத்து, 1200 உவாற்று மோட்டாருக்கு 25 சதுர மில்லிமீற்றர் செப்புக் கேபிளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 வோல்ற்றில் 100 அம்பியர் ஓட வேண்டும், வழியில் 1.4 வோல்ற் போய்விடும், ஏறத்தாழ 138 உவாற்று கேபிளைச் சூடாக்கும். 24இல் 50 அம்பியர், 0.7 வோல்ற் இழப்பு, 34 உவாற்று. 32இல் 37.5 அம்பியர், அரை வோல்ற் இழப்பு, 19 உவாற்று. அமெரிக்கப் படகுத் தரவிதிகள் முக்கியமான சுற்றுகளுக்கு அனுமதிக்கும் வீழ்ச்சி 3 சதவீதம். இந்தக் கேபிளில் 12 வோல்ற்றின் வீழ்ச்சி அந்த எல்லையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

எல்லாவற்றையும் 12 ஆக்கிவிடலாம் என்ற யோசனை இங்கேதான் உடைகிறது. சுவருக்குள்ளும் தட்டுக்குக் கீழும் ஓடும் பழைய வயர்கள் 32 வோல்ற்றின் அம்பியரைக் கணக்கிட்டுப் போடப்பட்டவை. அதே வேலையை 12 வோல்ற்றில் வாங்கினால் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட அம்பியர் அந்த வயர்களுக்குள் போக வேண்டும். ஆகவே மாற்ற வேண்டியது பற்றறியும் மோட்டார்களும் மட்டுமல்ல, படகின் நரம்பு முழுவதும்தான். அந்தச் செலவில் நம் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிடலாம்.

பிரித்தானிய, ஐரோப்பியப் படகுகளில் இந்தத் தலையிடி குறைவு. அங்கே பெரிய டீசல்களுக்கு 24 வோல்ற்றே வழக்கம், ஸ்டார்ட்டரும் குமிழும் லொறிக்கும் பஸ்ஸுக்கும் உரியவற்றோடு ஒத்துப்போகும். சிறிய படகுகளுக்கு, நம் மசி பேர்கசன் ட்ரக்டர்களில் இருக்கும் பேர்கின்ஸ் வகை இயந்திரங்களைப் போட்டவற்றுக்கு, 12 போதும்.

மச்சான் இடையில் ஒரு தடவை மகிழ்ச்சியாக அழைத்து, இயந்திரத்திலும் ‘8வி’ என்றே எழுதியிருக்கிறது, ஆகவே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பற்றறி போதும் போல என்றார். நான் சிரித்ததைக் கேட்டு அவருக்குச் சற்றுக் கோபமும் வந்தது. அது டெற்றொயிற் டீசல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 8வி71 இயந்திரம்: எட்டு உருளைகள், ‘வி’ வடிவ அமைப்பு, ஒவ்வோர் உருளையும் 71 கன அங்குலம். வோல்ற்றுக்கும் அதற்கும் உறவே இல்லை. 1938இலிருந்து வந்த அந்த 71 வரிசையில் எல்லாமே இரண்டடிப்பு டீசல்கள். குளிரில் அதைச் சுழற்றி எழுப்புவதற்கு ஸ்டார்ட்டர் விழுங்கும் வலுவைப் பார்த்தாலும் உயர்ந்த வோல்ற் வேண்டியதன் நியாயம் விளங்கும்.

இனி, அந்த 32.6. இது எனக்கு இரவு முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. பதினாறு கலங்களும் நிறைந்திருந்தால், ஓய்வில் 33.6க்குக் கிட்ட வர வேண்டும். ஒரு வோல்ற் குறைகிறது என்றால், மின்னேற்றம் போதவில்லை என்று எண்ணிவிடத் தோன்றும். மறுநாள் ஒவ்வொரு பற்றறியையும் தனித்தனியே அளந்து சொல்லும்படி கேட்டேன். 8.0, 8.0, 8.0, 8.6. மற்ற இயந்திரத்தின் பெட்டியில் இருந்த நான்கும் ஒரே மாதிரி 8.4. மின்னேற்றியைப் போட்டு மறுபடியும் அளக்கச் சொன்னேன். மொத்தம் 38.4, அது சரியான அளவு, ஆளுக்கு 9.6 ஆகப் பிரிந்திருக்க வேண்டும். ஆனால் முதல் மூன்றும் 9.2இல் நிற்க, நான்காவது 10.8க்கு ஏறியிருந்தது. “அந்த நாலாவதின்ர மூடியைத் திறந்து பாருங்கோ, தண்ணி இருக்காது” என்றேன். இருக்கவில்லை; தகடுகள் வெளியே தெரிந்தன.

இந்த வியாதியை நான் வருடத்துக்கு இருபது லொறிகளில் பார்க்கிறேன். லொறி 24 வோல்ற், பாட்டுப் பெட்டி 12 வோல்ற். சாரதி செய்வது என்னவென்றால், இரண்டு பற்றறிகளில் கீழ்ப் பற்றறியின் இரு முனைகளிலிருந்து மட்டும் ஒரு வயரை எடுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுப்பது. பாட்டும் நன்றாகவே வரும், ஆறு மாதத்துக்கு. கீழ்ப் பற்றறி ஒவ்வொரு நாளும் கூடுதலாக இறங்குகிறது. ஓல்டனேற்றரோ இரண்டையும் ஒன்றாகவே பார்த்து, மொத்தம் 28.4 வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. இறங்கிய பற்றறி 13.4ஐ மட்டும் ஏற்கும். மிச்சம் 15 வோல்ற்றும் நிறைந்திருக்கும் மேல் பற்றறியின் தலையில் விழும். ஒன்று எப்போதும் பசியில் கிடந்து தகட்டில் வெள்ளைச் சல்பேற்று படிந்து சாகிறது, மற்றது அளவுக்கு மீறித் தின்று கொதித்து வற்றிச் சாகிறது. சாரதி வந்து, பற்றறி விற்றவரைத் திட்டுவார்.

படகில் நடந்ததும் அதுவே, எண்கள்தான் வேறு. எட்டு வோல்ற் பற்றறிகளின் சங்கிலியில் 12ஐ எடுக்கவே முடியாது. எட்டு, பதினாறு, இருபத்துநான்கு என்றுதான் படிகள் உண்டு. எங்கோ ஒருகாலத்தில் யாரோ ஒருவர் 24 வோல்ற்றிலும் ஓடக்கூடிய குளிர்சாதனப் பெட்டியொன்றை வாங்கி, மூவெட்டு இருபத்துநான்கு என்று கணக்குப் பார்த்து, முதல் மூன்று பற்றறிகளில் அதைத் தொங்கவிட்டிருந்தார். கணக்கில் பிழையில்லை. குளிர்சாதனப் பெட்டி நாள் முழுக்க மூன்றையும் குடிக்க, மின்னேற்றி நாள் முழுக்க நான்காவதை வேகவைத்தது. தொடரில் கோத்த கலங்கள் ஒரே அளவு உழைத்து ஒரே அளவு ஓய வேண்டும். நடுவில் கைவைத்தால் முழு வரிசையும் போகும். என் தகப்பனாரின் கோப்பைப் பாடம் இதுதான்.

மின்குமிழ் பற்றி ஓர் எச்சரிக்கை. நம்மூரில் அழுத்தித் திருப்பிப் பூட்டும் ‘பின்’ குமிழ் போலன்றி, அந்தப் படகின் பழைய 32 வோல்ற் குமிழ்களின் அடி, வட அமெரிக்க வீட்டுக் குமிழின் அதே திருகாணி அடி. கரையிலிருந்து எடுக்கும் 120 வோல்ற் ஆடலோட்டத்துக்கும் அதே படகில் அதே வகைத் தாங்கிகள் உண்டு. 32 வோல்ற் குமிழை 120இல் திருகினால் அது உடனே வெடிக்கும். மறுபுறமாக, 120 வோல்ற் குமிழை 32இல் போட்டால் கம்பி சற்றே சிவக்கும், குமிழ் பழுது என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிக்கொண்டிருப்பீர்கள். சுவிட்சுகளையும் வீட்டுச் சாமான் கடையில் வாங்க வேண்டாம் என்று சொன்னேன். ஆடலோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பூச்சியத்தைத் தொடுவதால் சுவிட்சின் பொறி தானாக அணையும். நேரோட்டத்தில் அந்தத் தயவு இல்லை, பொறி நீண்டு நின்று முனையை உருக்கும். நேரோட்ட அளவு எழுதப்பட்டிருக்கும் சுவிட்சே வேண்டும்.

இறுதியில் அவர்கள் செய்தது இதுதான். ஸ்டார்ட்டர்களும் நங்கூர மோட்டாரும் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பம்பிகளும் 32இலேயே இருக்கின்றன. பம்பிகளுக்கு 24 கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள்; வேகம் முக்காலாகும், விசிறிப் பம்பியின் தள்ளும் அழுத்தம் பாதியளவுக்கு இறங்கும், தண்ணீர் ஏறும் இரவில் அந்தப் பாதி காணாது என்று மறுத்துவிட்டேன். வானொலித் தொடர்பு, வழிகாட்டி போன்ற 12 வோல்ற் கருவிகளுக்கு, முழு 32இலிருந்தும் எடுத்து 12 ஆக மாற்றும் மின்மாற்றுக் கருவி ஒன்றைப் பூட்டினார்கள். அது நான்கு பற்றறிகளையும் சமமாக உறிஞ்சும். குளிர்சாதனப் பெட்டிக்கும் அவ்வாறே ஒன்று. பழுதான பெட்டியில் நான்கையும் ஒரே நாளில் ஒரே வகையாக மாற்றச் சொன்னேன். மூன்று பழையதோடு ஒரு புதியதைச் சேர்ப்பது காசைக் கடலில் போடுவது. கோல்ப் மைதான மின்வண்டிகளுக்கான 8 வோல்ற் பற்றறிகள் மலிவாகக் கிடைத்தனவாம். அவை நின்று நிதானமாகக் கொடுக்கப் பிறந்தவை, ஸ்டார்ட்டரின் திடீர்ப் பசிக்கு அல்ல என்பதால், கூடுதல் விலை கொடுத்து இயந்திரம் எழுப்பும் வகையையே வாங்கினார்கள்.

மிஞ்சியது முன்கண்ணாடித் துடைப்பான் மோட்டார் ஒன்று. அதன் சுருள் எரிந்திருந்தது. 32 வோல்ற்றில் புதியது தேடிக் களைத்து, ஆனி மாதத்தில் ஊருக்கு வந்த உறவினரின் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டார். பழைய சுருளின் சுற்றுகளை எண்ணி, அதே தடிப்பான வயரால் சுற்றி, கரித்துண்டுகளைத் தேய்த்துப் பொருத்தி முடித்தபின், ஓட்டிப் பார்க்க 32 வோல்ற் வேண்டும். கடையில் இருந்தவை லொறிப் பற்றறி இரண்டும், பழைய மோட்டார் சைக்கிளின் 6 வோல்ற் பற்றறி ஒன்றும். ஆறும் ஆறும் மூன்றும், பதினைந்து கலம். ஒரு கலம் குறைவாகவே தொடுத்துப் பார்த்தேன். மல்ரிமீற்றர் 31.5 காட்டியது. வாசலில் ட்ரக்டரோடு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துளி மழையுமில்லாத ஆவணி வெயிலில், துடைப்பான் கை மேசையின் மேல் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.